பசை யாருக்காகப் பிரிகிறது?

முதலியார்பேட்டையில் 1898-ல் தொடங்கி 2020-ல் கதவடைக்கப்பட்ட ஏ.எப்.டி. மில்லை நம்மில் யார் மறப்பார்? அங்கே சைசிங்கில் நின்ற தோழர்களைக் கேளுங்கள். பசை என்றால் என்ன என்று படித்தவர்களுக்கே பாடம் சொல்வார்கள்.

பாவு நூல் தறியில் ஏறுமுன் கஞ்சி குடிக்க வேண்டும். மரவள்ளி மாவையோ மக்காச்சோள மாவையோ காய்ச்சி, நூலை அதில் தோய்த்து, நீராவிச் சூடேறிய உருளைகளில் உலர்த்தி, பீமில் சுற்றுவார்கள். கஞ்சி ஏறிய நூல்தான் தறியின் உராய்வைத் தாங்கும். இல்லாவிட்டால் அறுந்து தொங்கும். ஆனால் துணி நெய்து இறங்கியதும் அதே கஞ்சியைக் களைந்தாக வேண்டும். களையாவிட்டால் சலவையும் ஏறாது, சாயமும் பிடிக்காது. மாவைச் சிதைக்கும் நொதி கலந்த சுடுநீரில் ஊறப்போட்டு அலசினால் கஞ்சி கழன்றுவிடும். வேண்டியபோது ஒட்டும், வேண்டாதபோது பிரியும். கிழங்கு தோண்டிய விவசாயத் தொழிலாளியும் சைசிங் தொழிலாளியும் சேர்ந்து நடத்திய வித்தை இது.

இன்று விஞ்ஞானிகள் இதே வித்தையை மேலும் நுட்பமாகச் செய்கிறார்கள். ஒரு வகைப் பசையில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளைக் கலக்கிறார்கள். சூடு பட்டதும் அவை பல மடங்கு உப்பிப் பசையை உள்ளிருந்தே பிளக்கின்றன. இன்னொரு வகையில், சூட்டுக்கு அவிழ்ந்து ஆறினால் மறுபடி விழும் முடிச்சுகளைப் பசையின் மூலக்கூறுகளிலேயே வைக்கிறார்கள். வேறொன்று, புற ஊதா ஒளி பட்டால் இளகி, வேறு ஒளியில் திரும்பவும் இறுகுகிறது. மனித அறிவின் இந்த வெற்றிகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. இந்தப் பசை யாருக்காகப் பிரிகிறது?

மின்னணுச் சில்லு செய்யும் ஆலையைப் பாருங்கள். சிலிக்கான் தகட்டை ஒரு பசை நாடாவில் ஒட்டி, சின்னஞ்சிறு சில்லுகளாக அறுக்கிறார்கள். அறுத்து முடிந்ததும் அடியிலிருந்து புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். பசையின் பிடி தளர்கிறது. சில்லுகள் சேதமின்றி வருகின்றன. ஆலைக்குள் முதலாளியின் சரக்கு சேதமாகக் கூடாது. ஆகவே அங்கே பசை பிரிகிறது.

அதே சில்லு செல்போனில் ஏறி நம் கைக்கு வரும்போது கதை மாறுகிறது. இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி களைத்துப்போகிறது. மாற்றலாம் என்றால் மூடியும் பசை, பேட்டரியும் பசை. பழுதுபார்க்கும் தம்பி சூட்டுக்காற்று காட்டி, தகட்டை விட்டு நெம்புகிறான். கை தவறிப் பேட்டரி துளைபட்டால் தீப்பற்றும். பழைய சாமான் கிடங்கில் கையுறைகூட இல்லாமல் பிரிக்கும் பெண்களுக்கும் இதே ஆபத்து. கடைசியில், "புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதில். ஒரு பேட்டரிக்காக ஒரு மாதக் கூலி!

செல்போன் ஆடம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். நூறு நாள் வேலைத்தளங்களில் வருகையைப் படம் பிடித்துச் செல்போனில்தான் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியதே, அப்போது அது ஆடம்பரமா? போன் அணைந்தால் ஆஜர் இல்லை. ஆஜர் இல்லையேல் கூலி இல்லை. மண்வெட்டிக்குப் பிடி மாற்ற ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

தண்ணீர் புகாதிருக்கவும் கனம் குறையவும் பசை வேண்டும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிரியும்படி ஒட்டு என்கிறோம். அது முடியாத காரியமும் அல்ல. 2024-ல் ஆப்பிள் கம்பெனியே, ஐபோன் 16-ன் பேட்டரிக்குச் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினால் விட்டுவிடும் பசையைப் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்கள் இரவும் பகலும் பொருத்தித் தருவது அந்தக் கம்பெனியின் போன்களைத்தான்.

சட்டத்துக்கும் இதில் வேலை உண்டு. பிரான்சு 2021-லேயே, ஒரு பொருள் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கக் கூடியது என்று மதிப்பெண் போட்டு விற்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய சட்டம், 2027 பிப்ரவரி 18-ஐ நாளாகக் குறித்தது. சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை, சூடோ கரைப்பானோ கம்பெனிக்கே உரிய தனிக் கருவியோ இல்லாமல் வாங்கியவரே கழற்ற முடிய வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் 2024-ல் மதிப்பெண் முறைக்காக ஒரு குழு போட்டார்கள். 2025-ல் அறிக்கையும் வந்தது. மதிப்பெண் சீட்டு ஒட்டுவதோடு நின்றுவிட்டால், அதுவும் இன்னொரு பசைதான்!

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒளிக்குப் பிரியும் பசை வந்து, அந்த விளக்கு மட்டும் கம்பெனியின் பெட்டிக்குள் இருந்தால் நமக்கென்ன லாபம்? அது பசையல்ல, பூட்டு. சாவி யாரிடம் என்பதே விஷயம்.

புதுச்சேரித் தொழிலாளிக்கு இது புதிய பாடமல்ல. மில்லில் கடிகாரம் அன்றும் ஓடிற்று. ஆனால் எத்தனை மணி உழைப்பது என்பதை முதலாளியே முடிவு செய்தான். 1936 ஜூலை 30-ல் 12 தோழர்கள் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்கு இரையானார்கள். அதற்குப் பிறகே, 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கடிகாரம் தானாக நமக்கு நேரம் தரவில்லை. பசையும் தானாக நமக்குப் பிரியாது.

ஆகவே நாம் கேட்கிறோம்: பேட்டரியைச் சாதாரணக் கருவியால் மாற்ற முடிய வேண்டும். பிரியும் பசை பூசினால், பிரிக்கும் முறையும் கருவியும் தெருக்கடைக்கும் கிடைக்க வேண்டும். உதிரிபாகம் நியாய விலையில் விற்கப்பட வேண்டும். பழையதைப் பிரிக்கும் தொழிலாளருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்; தீர்மானம் போடுங்கள்.

ஒட்டியதும் நம் கை. பிரிக்கும் உரிமையும் நம் கைக்கு வரட்டும்!