பணம் ஆடக் கூடாது. பிள்ளை ஆட வேண்டும்

சதுரங்கத்தில் ஆளுக்கு 16 காய்கள். பணக்காரர் என்பதற்காக ஒருவர் இன்னொரு ராணியை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால், பல நாடுகளில் பிள்ளைகளை மயக்கி வைத்திருக்கும் அட்டை விளையாட்டில் அது முடியும்!

இது காசு வைத்து ஆடும் சீட்டாட்டம் அல்ல. அட்டைகளை வாங்கிச் சேர்த்து, அவற்றையே படையாக அமைத்து மோதும் விளையாட்டு. இதற்கு வழி காட்டியது "மாஜிக்". கணிதம் கற்ற ரிச்சர்டு கார்பீல்டு உருவாக்கிய இந்த விளையாட்டு, 1993-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜப்பானில் "போக்கிமான்" அட்டைகள் 1996-ல் வந்தன.

மாஜிக் போட்டிக்குப் பொதுவாக 60 அட்டைகள் கொண்ட கட்டு வேண்டும். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். எதிரியின் புள்ளிகளைத் தீர்த்தால் வெற்றி.

பாக்கெட் ஆசை

அட்டைகள் மூடிய பாக்கெட்டில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பது பிரித்த பிறகே தெரியும். பெரும்பாலானவை சாதாரண அட்டைகள். அரிய அட்டை ஒன்று கிடைக்காதா என்று பிள்ளைகள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். பெற்றோரின் பை காலியாகிறது.

"பிளாக் லோட்டஸ்" என்ற ஓர் அட்டை 2021-ல் 5 லட்சத்து 11 ஆயிரம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான போட்டிகளில் அந்த அட்டைக்கு அனுமதியே இல்லை!

ஏழையின் பெயரால் ஒரு போட்டி

இதற்கு மாற்று உண்டு. அதன் பெயர் "பாப்பர்". ஆங்கிலத்தில் பரம ஏழை என்று பொருள். சாதாரண அட்டையாக வெளியானவற்றை மட்டுமே இதில் பயன்படுத்தலாம். 2019-ல் மாஜிக் நிறுவனமே மேஜைப் போட்டிக்கு இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

சாதாரணம் என்றால் சப்பை என்று பொருள் அல்ல. 1993-ல் வந்த "லைட்னிங் போல்ட்" சாதாரண அட்டைதான். ஒரே வீச்சில் 3 புள்ளிகளைப் பறிக்கும். அதை எதிரியின் வீரன்மேல் ஏவுவதா, எதிரியின் மேலேயே ஏவுவதா? இப்போதா, பிறகா? அந்த யோசனை எந்த பாக்கெட்டிலும் கிடைக்காது.

சிக்கன வழி

பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பதை விட, வேண்டிய அட்டையைத் தனியாக வாங்குவது நல்லது. பளபளப்பு அச்சுக்கு விலை அதிகம். ஆட்டத்தில் வலிமை ஒன்றுதான். வாங்கு முன் காகிதத் துண்டில் பெயர் எழுதி வீட்டில் ஆடிப் பார்க்கலாம். போட்டியில் அது செல்லாது, பழகுவதற்குப் போதும். அடிக்கடி கட்டை மாற்றாமல், ஒரே கட்டில் கைதேர்வதே மேல்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

"காசு கொடுத்து வாங்கிய அட்டையை ஏன் ஆடக்கூடாது?" என்று சிலர் கேட்கலாம். ஆடட்டும், அதற்கும் போட்டிகள் இருக்கட்டும். ஆனால் போட்டி நடத்தும் கடைகளும் மன்றங்களும் சாதாரண அட்டைப் போட்டிக்கும் தவறாமல் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

எதிரியின் மூளைக்குத் தோற்ற பிள்ளை, அடுத்த வாரம் பழகிக்கொண்டு வருவான். எதிரியின் பணப்பைக்குத் தோற்ற பிள்ளை, வீட்டில் அடம் பிடிப்பான். அல்லது விளையாட்டையே விட்டுவிடுவான். இரண்டும் நல்லதல்ல.

விதி சமமாக இருந்தால், தோல்வியும் ஒரு பாடம்தான்.