கையைத் தூக்கும் தேவாங்கு

உங்கள் கைத்தொலைபேசியில் சேர்ந்து கிடக்கும் காணொளிகளை ஒரு முறை தள்ளிப் பாருங்கள். காலை வணக்கங்களுக்கும் பண்டிகை வாழ்த்துகளுக்கும் நடுவே ஒரு பூனை, ஒரு யானைக்குட்டி, ஆட்டம் போடும் ஒரு கிளி இருக்கும். உருண்டைக் கண்களும் பஞ்சு போன்ற உடலும் கொண்ட ஒரு சிறு விலங்கும் இருக்கக்கூடும். யாரோ அதன் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறார். அது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்பது போலவே தோன்றும். 2009-இல் இணையத்தில் பரவத் தொடங்கிய இந்தக் காட்சியைப் பல இலட்சம் பேர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அந்த விலங்கு ஸ்லோ லோரிஸ். மலாய்க்காரர்கள் கொங்காங் என்பார்கள். தமிழில் தேவாங்கு. ஒல்லியானவர்களைத் திட்ட நம் வீடுகளில் புழங்கும் அதே பெயர்தான். தமிழ்நாட்டில் வாழ்வது இதன் மெலிந்த உறவு. இந்தக் குடும்பத்தில் ஓர் இனம் மலேசியக் காடுகளிலும் உண்டு, சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் மிக அரிதாகவும் உண்டு.

அது ஏன் கையைத் தூக்குகிறது? தேவாங்கின் முழங்கை மடிப்பின் அருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் எண்ணெய் போன்ற திரவத்தை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சு தயார். குரங்குகளும் மனிதரும் அடங்கிய பாலூட்டி வரிசையில் நஞ்சுள்ளவை இந்தத் தேவாங்குகள் மட்டுமே. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினால் சுரப்பி வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதாவது, ஆபத்து வரும்போது கடிக்கத் தயாராகும் நிலை அது. நாம் கூச்சம் என்று நினைத்தது அச்சம். கடிபட்டவருக்கு வீக்கமும் வலியும் வரும். சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமையும் வரலாம். அதனால்தான் கள்ளச் சந்தையில் விற்பவர்கள் மயக்க மருந்துகூட இல்லாமல், நகவெட்டியால் அதன் பற்களை வெட்டுகிறார்கள். புண் சீழ்பிடித்து இறந்துபோகும் தேவாங்குகள் ஏராளம்.

'வீடியோதானே, பார்த்துச் சிரித்தால் யாருக்கு என்ன நட்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா நெக்காரிஸ் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அந்தக் காணொளியின் கீழ் 33 மாதங்களில் எழுதப்பட்ட 12,411 கருத்துகளைப் படித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க மாதங்களில் கருத்து எழுதியவர்களில் கால்வாசிப் பேர், தங்களுக்கும் இப்படி ஒன்று வளர்க்க வேண்டும் என்றார்கள். 2007 முதலே அனைத்துலக வணிகம் தடை செய்யப்பட்ட விலங்கு இது. தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றது.

அந்த ஆய்வின் அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. இந்த விலங்கு அழிவின் விளிம்பில் இருப்பது, அதன் வாழ்க்கை முறை போன்ற உண்மைகள் அதே கருத்துப் பகுதியில் அதிகமாக வரத் தொடங்கியபோது, வளர்க்க ஆசைப்பட்டவர்களின் பங்கு நன்றாகக் குறைந்தது. யாரும் காணொளியைத் தடை செய்யவில்லை. பக்கத்தில் சில வரிகள் இருந்தன, அவ்வளவே.

நம் புலனக் குழுக்களில் அந்த வரிகள் வருவதில்லை. காணொளி மட்டும் தனியாகப் பயணிக்கிறது. எங்கே எடுத்தது, என்ன விலங்கு, யார் பதிவேற்றியது என்ற எல்லாமே முதல் கைமாறலிலேயே உதிர்ந்துவிடுகின்றன. அத்தையிடமிருந்து அண்ணனுக்கும் அண்ணனிடமிருந்து அலுவலகக் குழுவுக்கும் போய்ச் சேரும்போது மிஞ்சுவது அழகு மட்டுமே. ஆகவே அந்த வரியை எழுத வேண்டியவர் அனுப்புபவர், அதாவது நீங்கள். 'இது கொங்காங். கையைத் தூக்குவது பயத்தால். வளர்ப்பது குற்றம்.' இதைத் தட்டச்சு செய்ய அரை நிமிடம் போதும். பெயரே தெரியாத விலங்கு என்றால் தேடிப் பார்த்துவிட்டு அனுப்பலாம்; அவசரம் ஒன்றுமில்லை.

வேடிக்கைக் காணொளிகளைச் சேர்ப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. நானும் சேர்ப்பவன்தான். சிரிப்பதற்கு விலங்கைப் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு, அதே 2009-இல் வெளிவந்த இன்னொரு காணொளி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா அருங்காட்சியக ஆய்வாளர்கள் பாலி, வட சுலாவெசி கடல்களில் பல நூறு மணி நேரம் மூழ்கி எடுத்தது. ஓர் ஆக்டோபஸ், மனிதர் வீசியெறிந்த தேங்காய்ச் சிரட்டையை எட்டுக் கைகளுக்கு நடுவே கவ்விக்கொண்டு, பொய்க்கால் கட்டியவர் போல மணலில் தத்தித் தத்தி ஓடுகிறது. வேண்டிய இடம் வந்ததும் இரண்டு சிரட்டைகளுக்கு நடுவே புகுந்து, மூடியை இழுத்துச் சாத்துவது போல் மூடிக்கொள்கிறது. அதை இன்றே குழுவில் போடுங்கள், பெயரோடும் ஊரோடும்.