‘எல்லாம் நார்மல்தான் டாக்டர்!’

‘‘சுகர் நார்மல் ஆயிடுச்சு டாக்டர். அதான் மாத்திரையை விட்டுட்டேன். நீங்க கஷாயம் ஏதாவது குடுங்க, போதும்!’’

இப்படிச் சொல்லிக்கொண்டு என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் நிறைய. சித்த வைத்தியர்தானே, சந்தோஷப்படுவார் என்று நினைப்பு! எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. அவர்களுக்கு நோய் போய்விடவில்லை. மாத்திரை சாப்பிட்டதால் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான். கட்டி வைத்திருப்பதால் மாடு நிற்கிறது. சாதுவாகிவிட்டது என்று கயிற்றை அவிழ்க்கலாமா? குறைப்பதோ நிறுத்துவதோ, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான். இதைச் சொன்னால், ‘‘நீங்களே இங்கிலீஷ் மருந்துக்கு சப்போர்ட்டா?’’ என்று கோபிப்பவர்களும் உண்டு.

இந்த ‘நார்மல்’ இருக்கிறதே, பொல்லாத வார்த்தை! ஹோட்டலில் தண்ணீர் கேட்டால், ‘‘நார்மலா, கூலிங்கா?’’ என்கிறார்கள். சுகப்பிரசவம் என்ற அழகான சொல் இருக்க, ‘நார்மல் டெலிவரி’ என்கிறோம். அது போகட்டும். லத்தீனில் ‘நார்மா’ என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். ஆக, எந்த மட்டத்தை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால்தான் நார்மலுக்கு அர்த்தம். எங்கள் நாடி சாஸ்திரத்திலும் மட்டம் உண்டு: வாதம் 1, பித்தம் அரை, கபம் கால். மட்டம் மாறுவதும் உண்டு. வெறும் வயிற்றில் 110-க்குக் கீழ் சர்க்கரை இருந்தால் நார்மல் என்றிருந்ததை, 2003-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 என்று குறைத்தது. ஒரே நாளில் எத்தனை பேர் நார்மல் இல்லாதவர்கள் ஆனார்களோ!

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. ‘எல்லாருக்கும் இருக்கு’ என்பதையே நம் வீடுகளில் நார்மல் என்கிறார்கள்.

ஒரு பாட்டி, பேத்தியை அழைத்து வந்தார். கல்யாணமாகி மூன்று வருஷம். முகம் வெளுத்திருந்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். மாதாமாதம் ஒன்பது, பத்து நாள் தீட்டு. ‘‘எங்க குடும்பத்துல எல்லாப் பொண்ணுங்களுக்கும் இப்படித்தான் டாக்டர். நார்மல்!’’ என்றார் பாட்டி.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு 8. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல் இருக்கிறது என்பதற்காக அது நார்மலாகிவிடுமா?

‘‘அன்னபேதிச் செந்தூரம் தர்றேன். ஆனா, ஏன் இவ்வளவு ரத்தம் போகுதுன்னு முதல்ல பார்க்கணும். லேடி டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துட்டு வாங்க’’ என்றேன். பாட்டிக்கு இஷ்டமே இல்லை.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற மாதிரி இல்லை, வைத்தியம் இருக்கிறது. பேத்தி நிம்மதியாகத்தான் இருந்தாள். பாட்டிதான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘‘எனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ டாக்டர்?’’ என்று கேட்டார்.