ஏரியில் விடுவது இரக்கமா?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்திற்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாப் பாம்புகள் இருந்தன. சுங்கத்துறையினர் அவற்றைக் கைப்பற்றினர். தென்னமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் இப்பாம்பு பத்தடிக்கு மேலும் வளரும். நீர்ப்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்ணும்.

கடத்துவோரைப் பிடித்தால் போதும் என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. எல்லாப் பெட்டிகளும் பிடிபடுவதில்லை. குட்டியாக வாங்கியவர், அது வளர்ந்ததும் அஞ்சுவார். கொல்லவும் மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விடுவார். அதனை இரக்கம் என்றும் எண்ணிக்கொள்வார். செங்காது ஆமைகள் நம் நீர்நிலைகளில் புகுந்தது இவ்வழியில்தான். ஹெப்பாள் ஏரியின் நாணலிடையே வாழும் நாமக்கோழி அனகோண்டாவிடமிருந்து தப்பும் வழியை எங்ஙனம் அறியும்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வளர்ப்புப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. நம் வடகிழக்கு மாநிலக் காடுகளில் இதே பாம்பு இயல்பாக வாழ்கிறது. அங்கு அதனால் கேடில்லை. எவர்கிளேட்ஸிலோ ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறியது. இவ்விரு பாம்புகளின் இறக்குமதிக்கும் அவ்வாண்டுதான் அந்நாடு தடை விதித்தது.

இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என நம் சட்டமும் கூறுகிறது. ஆனால், தண்டனைக்கு அஞ்சுபவர் பதிவு செய்ய வாரார். இருளில் ஏரிக்கரைக்கே செல்வார். வளர்க்க இயலாதவரிடமிருந்து தண்டனையின்றிப் பிராணிகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஃபுளோரிடாவில் உண்டு. பெங்களூரிலும் வனத்துறை அதனைத் தொடங்கலாம்.