ரிஷிகேஷில் லைஃப் ஜாக்கெட், நம்ம ஆத்துல வெறும் தைரியமா?

ஃபைனல் இயர் வந்தாலே குரூப்ல டூர் பேச்சுதான். தண்டேலியா, ரிஷிகேஷா? எங்க போனாலும் ராஃப்டிங் கட்டாயம். தாராளமா போங்க. ஆனா அங்க மாட்டுற ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா?

மலை ஆற்றின் ரேபிட்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ரிஷிகேஷில் முறையான விதிகள் இல்லை என்று 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ராஃப்டிங்கையே நிறுத்தி வைத்தது. ஒகேனக்கல்லில் காவிரி நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது. அந்தத் தண்ணிக்கு அவ்வளவு மரியாதை.

அதே காவிரித் தண்ணிதான் மேட்டூர் திறந்த பிறகு அரசலாறு வழியா காரைக்காலுக்கு வருது. வரிச்சிக்குடியில மலையும் இல்ல, பாறையும் இல்ல, அதனால ஆபத்தும் இல்லன்னு நினைக்கிறோம். அங்கதான் தப்பு.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச ஹைட்ராலிக் ஜம்ப் ஞாபகம் இருக்கா? வேகமா விழுற தண்ணீர், ஃப்ரூட் எண் 1-க்கு மேல இருந்து கீழ இறங்கும்போது, மேற்பரப்பில் பின்னோக்கிச் சுழலும். தடுப்பணைக்கும் ரெகுலேட்டருக்கும் கீழே நுரைக்கிறது பல நேரம் இதுதான். கயாக் ஓட்டுறவங்க ரொம்பப் பயப்படுறதும் இதுக்குத்தான். மலை ஆற்றில் பாறைகளுக்கு நடுவே தப்பிக்க இடைவெளி கிடைக்கலாம். தடுப்பணையோ ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி. மாட்டினால் சுழல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. நீச்சல் தெரிஞ்சவங்களே தப்பிக்கிறது கஷ்டம்.

ஆனா நாம குளிக்கத் தேடிப் போறது அந்த இடத்துக்குத்தான். ஒருத்தன் மாட்டினா, காப்பாத்த அடுத்தவன் குதிக்கிறான். ராஃப்டிங் கைடு அப்படிக் குதிக்க மாட்டார். முதலில் கயிறு வீசுவார்.

என் கருத்து இதுதான்: சாகசம் வேணும்னா முதல்ல நீச்சல் கத்துக்கணும். காலேஜ் என்.எஸ்.எஸ். முகாமில் கயிறு வீசிக் காப்பாற்றும் பயிற்சி கட்டாயம் இருக்கணும். ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் ஒரு நீளக் கயிறும் காற்றடைச்ச லாரி டியூபும் தொங்கணும். டூர் செலவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

ஜூன் 12-ல மேட்டூர் திறக்கிறது வழக்கம். அந்தத் தண்ணி இங்க வர்றதுக்குள்ள கயிறு தயாரா இருக்கட்டும்.