விவியன் சிஸ்டர்



மே 12 உலக செவிலியர் நாள். கையில் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரின் படத்தைப் போட்டு ஒரு கட்டுரை வெளியிடுவது பத்திரிகைகளின் வழக்கம். இந்த ஆண்டு அம்மையாருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் 84 வயது வரை வாழ்ந்த விவியன் புல்விங்கல் என்ற நர்ஸைப் பற்றி உங்களோடு பேச நினைக்கிறேன்.

1915இல் பிறந்தவர். நர்ஸ் படிப்பு படித்தது ப்ரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் விமானப்படையில் சேரப் போனார். தட்டைப் பாதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தரைப்படை அந்தப் பாதத்தைப் பொருட்படுத்தவில்லை. 1941இல் 13ஆவது ஆஸ்திரேலியப் பொது மருத்துவமனையோடு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். நம் சிங்கப்பூர் வாசகர்களுக்குக் காத்தோங் பக்கம் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி தெரிந்திருக்கும். அந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான் அப்போது வார்டுகள் இருந்தன.

1942 பிப்ரவரி 12. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுவதற்கு மூன்று நாள் முன்பு, கடைசியாக மிச்சமிருந்த 65 ஆஸ்திரேலிய நர்ஸ்களை ‘வைனர் ப்ரூக்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. உத்தரவு என்பதால் போனார்கள். இரண்டு நாளில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிக் கப்பலை மூழ்கடித்தன. இன்றைய இந்தோனேசியாவின் பங்கா தீவில் உள்ள ராட்ஜி கடற்கரையில் கரையேறியவர்களில் விவியனும் ஒருவர். 16ஆம் தேதி ஜப்பானிய வீரர்கள் வந்தார்கள். ஆண்களைத் தனியே கூட்டிப்போய்க் கொன்றார்கள். 22 நர்ஸ்களையும் கூட இருந்த ஒரு முதிய பெண்மணியையும் கடலுக்குள் நடக்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். விவியனுக்கு இடுப்புக்கு மேலே குண்டு பாய்ந்தது. செத்தவர் போல மிதந்தார். அலை அவரைக் கரையில் கொண்டுவந்து போட்டது. அந்தப் பெண்களில் பிழைத்தது அவர் ஒருவர் மட்டும்.

காட்டுக்குள் ஒளிந்திருந்தபோது கின்ஸ்லி என்ற ஆங்கிலேயச் சிப்பாயைக் கண்டார். அவருக்கும் கொடுங்காயம். தன் காயத்தை வைத்துக்கொண்டே விவியன் 12 நாள் அவரைப் பார்த்துக்கொண்டார். பக்கத்துக் கிராமத்தில் ஆண்கள் பயந்து கைவிரித்துவிட, பெண்கள்தான் யாருக்கும் தெரியாமல் சாப்பாடு கொடுத்தார்கள். இனிச் சரணடைவதைத் தவிர வழியில்லை என்றானபோது கின்ஸ்லி ஒரு நாள் தவணை கேட்டார். மறுநாள் அவருக்கு 39ஆவது பிறந்தநாள்; அன்று ஒரு நாளாவது யாருக்கும் கைதியாக இல்லாமல் இருக்க ஆசை. விவியன் காத்திருந்தார். சரணடைந்த கொஞ்ச நாளில் கின்ஸ்லி இறந்துபோனார். இந்த ஒரு நாளை வீரக் கதை சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த அம்மாள் முழுசாகத் தெரிவது இங்கேதான்.

பிறகு மூன்றரை ஆண்டு சிறைமுகாம். உடுப்பிலிருந்த குண்டுத் துளை தெரியாதபடி தண்ணீர்க் குப்பியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டுதான் உள்ளே போனார். அந்த உடுப்பு இப்போது கான்பெர்ராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. கடற்கரையில் நடந்ததை முகாமிலிருந்த தோழிகளிடம் சொன்னார். சாட்சி ஒருத்தி உயிரோடிருப்பது தெரிந்தால் அவர் கதி அவ்வளவுதான் என்பதால் அத்தனை பேரும் அதைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். கப்பலேறிய 65 பேரில் 12 பேர் கடலில் போனார்கள், 21 பேர் அந்தக் கரையில், 8 பேர் முகாம்களில். ஊர் திரும்பியது 24 பேர்.

விவியனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் அவர் 55 ஆண்டு வாழ்ந்தாரே!

செத்துப்போனவர்களுக்குக் கல் நடுவதைவிட, வேலையிலிருக்கும் நர்ஸ்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்கள் முகாமில் பட்டினி கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் விவியனும், கூடச் சிறையிருந்த பெட்டி ஜெஃப்ரியும் ஒரு காரை எடுத்துக்கொண்டு விக்டோரியா மாநிலம் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நிதி திரட்டினார்கள். உடம்பு இன்னும் சரியாகத் தேறாத காலம் அது. 1950இல் மெல்போர்னில் செவிலியர் நினைவு மையம் திறக்கப்பட்டது. நர்ஸ்கள் கூடிப் பேச, மேற்கொண்டு படிக்க ஓர் இடம். அது கொடுக்கும் உதவித்தொகையில் இன்றும் நர்ஸ்கள் படிக்கிறார்கள்.

1961இல் மெல்போர்ன் ஃபேர்ஃபீல்ட் தொற்றுநோய் மருத்துவமனையில் மேட்ரன் ஆனார். மற்றவர்கள் ஒதுங்கிப்போகும் நோயாளிகள் வந்து சேரும் இடம். பதினாறு ஆண்டு அங்கே இருந்தார். நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்பவர் மட்டும் அல்ல, அவருக்கும் முறையான உயர்கல்வி வேண்டும் என்று பேசியவர்களில் ஒருவர். செவிலியர் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். 1975இல் வியட்நாமின் சைகோனிலிருந்து ஆதரவற்ற குழந்தைகளை விமானத்தில் வெளியே கொண்டுவந்த பணியிலும் அவர் பங்கு உண்டு. 1977இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, 61 வயதில், கல்யாணம் செய்துகொண்டு பெர்த் போய்ச் சேர்ந்தார்! கமிட்டிகளை அப்போதும் விடவில்லை. 1993இல் பங்கா தீவுக்கே திரும்பிப் போய், தோழிகளுக்கு அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1946இல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அவர் சாட்சி சொன்னார். ஆனால் சுடுவதற்கு முன் அந்தப் பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவருடைய மேலதிகாரிகளே தடுத்துவிட்டார்கள் என ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். அவர் மறைந்து 19 ஆண்டு கழித்து! இறந்தவர்களின் மானத்தைக் காப்பதாக அன்று நினைத்திருக்கலாம். பாரம் சுமந்தது பிழைத்தவர்.

2023 ஆகஸ்டில் போர் நினைவக வளாகத்தில் விவியனுக்குச் சிலை வைத்தார்கள். ஒரு தனி நர்ஸுக்கு அங்கே வைத்த முதல் சிலை. பீடத்தில் 22 எஃகு வட்டுகள், அந்தக் கரையில் இறந்த பெண்களுக்காக. அன்றிரவு வானத்தில் விண்மீன்கள் நின்ற அமைப்பிலேயே பதித்திருக்கிறார்கள். அழகான எண்ணம். ஆனாலும் சிலையா, படிக்க உதவித்தொகையா என்று கேட்டால் அந்த அம்மாள் எதைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நம் வேலை. உங்கள் ஊர் நர்சம்மாவைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பிரசவ வார்டில் நைட் டியூட்டி பார்த்தவர், வீடு வீடாக வந்து தடுப்பூசி போட்டவர், ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எட்டிப் பார்க்கிறவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் போதும். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம். அவர் இருக்கிறார் என்றால், நீங்கள் எழுதியதை ஒருமுறை அவரிடம் வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்