விழுந்த விமானத்தைப் படம் எடுக்கலாமா?

எம்.ரெட்டியபட்டி கரிசல் காட்டில் களை எடுக்கும் பெண்கள், தலைக்கு மேல் விமானம் போனால் நிமிர்ந்து பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் கையை ஆட்டுவார்கள்.

பறக்கும் விமானத்தைப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆசை!

விழுந்த விமானத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. காடு மலை கடந்து சென்று, அது நொறுங்கிக் கிடக்கும் இடத்தைப் படம் பிடிக்கிறார்கள்.

"பலர் செத்த இடத்தில் என்ன வேடிக்கை?" என்று நீங்கள் கேட்கலாம்.

போகலாம், படமும் எடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

மேகமலை விபத்து

நம் பக்கத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது.

1971-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, திருவனந்தபுரத்தில் இருந்து மதுரைக்கு வந்த 'இந்தியன் ஏர்லைன்ஸ்' விமானம், சின்னமனூருக்கு மேலே மேகமலையில் மோதியது. மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தபோது நேர்ந்த விபத்து அது. விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டார்கள்.

56 ஆண்டுக்குப் பின்

இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதால் என்ன பயன்?

1968 பிப்ரவரி 7-ந் தேதி, 102 பேருடன் லே நகருக்குச் சென்ற விமானப்படை விமானம், இமயமலையில் ரோதங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. பல ஆண்டுகள் தடயமே இல்லை.

2003-ல் மலை ஏறப் போன ஒரு குழுவினர், பனியில் அதன் சிதறல்களைக் கண்டார்கள். ஒரு வீரரின் உடலும் கிடைத்தது. பிறகு ராணுவம் அங்கே பலமுறை தேடியது. 2024-ல் மேலும் 4 உடல்கள் கிடைத்தன.

56 ஆண்டுகள் கழித்து, குடும்பத்தார் ஈமக்கடன் செய்தார்கள்! மலை ஏறியவர்களின் கண்ணில் பட்டதால் வந்த பலன் இது.

கை வைக்கக் கூடாது

ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையில், 1966-ல் 'ஏர் இந்தியா' விமானம் மோதி 117 பேர் இறந்தார்கள். விஞ்ஞானி ஹோமி பாபாவும் அதில் ஒருவர்.

2013-ல் அந்த மலையின் பனியில் ஓர் இளைஞருக்கு ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே மரகதம், நீலம், மாணிக்கம்! அந்த விமானத்தில் வந்தவை என்று கருதப்பட்டது. அவர் அவற்றை மறைக்கவில்லை, போலீசில் ஒப்படைத்தார். உரியவர் கிடைக்காததால், 2021-ல் பாதிக் கற்கள் அவருக்கே வந்தன.

அவரைப் போல் இருக்க வேண்டும். ஒரு தகரத் துண்டைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது. சிரித்தபடி நின்று படம் பிடிக்கவும் கூடாது. மேகமலை இப்போது புலிகள் காப்பகம்; வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையக் கூடாது.

ஏதாவது கண்ணில் பட்டால், படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அதிகாரிகளிடம் சொல்லுங்கள். எங்கோ ஒரு வீட்டில் அந்தச் செய்திக்காகக் காத்திருப்பார்கள்.